ஊமைத்துரையின் வைக்கோல் துரும்பு

இந்த எபிசோடை எனக்கு நடந்த ஒரு சின்ன அவமானத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் ஆச்சியைக் கூட்டிக்கிட்டு ஒரு பழைய கோட்டையைப் பார்க்கப் போயிருந்தேன். எந்த ஊர்னு சொல்லப் போறதில்ல, ஏன்னா இது எந்த ஊர்லயும் நடக்கும். வாசல்ல நீலக் கலர்ல ஒரு பெரிய பலகை. ஆச்சிக்கு எழுத்து தெரியாது. "என்னய்யா எழுதிருக்கு?"ன்னு கேட்டாங்க. நான் மேல இருந்து கீழ வரைக்கும் சத்தமாப் படிச்சேன். சட்டத்தோட பேரு, அது வந்த வருஷம், திருத்தம் வந்த வருஷம், அழிப்பவர், அகற்றுபவர், மாற்றுபவர், சிதைப்பவர்னு ஒரே வாக்கியம் போய்க்கிட்டே இருந்துச்சு. முடிச்சதும் ஆச்சி கேட்டாங்க: "சரிய்யா, இப்ப நாம உள்ள போலாமா, கூடாதா?"

எனக்கும் தெரியல. இன்ஜினியரிங் படிச்ச பையன், மொத்தப் பலகையையும் படிச்சவன், எனக்கே தெரியல.

நான் சாஃப்ட்வேர் வேலை பாக்குறவன். தினமும் யாரோ ஒருத்தர் பார்க்கப் போற அறிவிப்புகளை எழுதுறது என் வேலையில ஒரு பகுதி. "தவறான உள்ளீடு, மீண்டும் முயற்சிக்கவும்" மாதிரி. எழுதும்போது எனக்கு அது தெளிவாத்தான் இருக்கும், ஏன்னா உள்ள என்ன உடைஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியும். பார்க்கிறவருக்குத் தெரியாது. ஆச்சியோட கேள்விக்கு அப்புறம் இந்த விஷயம் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஒரு பொது அறிவிப்பு எப்போ தெளிவா இருக்கும்?

இதுக்கான பதிலை நான் டிசைன் புத்தகங்கள்ல தேடிக்கிட்டு இருந்தேன். கடைசியில கிடைச்சது நம்ம கரிசல் காட்டுல, ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கத்துல இருக்கிற பாஞ்சாலங்குறிச்சியில. 1799-க்கும் 1801-க்கும் இடையில அந்த ஊரைச் சுத்தி நடந்த போர் நமக்குத் தெரியும். அந்தப் போர்ல எந்த அறிவிப்பை யார், யாருக்கு, எப்படிச் சொன்னாங்க? இன்னிக்கு அதைத்தான் பார்க்கப் போறோம்.

எழுத்தே இல்லாத அறிவிப்பு

1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் தலைமையில் கம்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியது. கட்டபொம்மன் தப்பிச்சு வடக்கே போய், புதுக்கோட்டைப் பகுதியில பிடிபட்டார். அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.

இதுல நாம கவனிக்காம விடுற விஷயம் ஒண்ணு இருக்கு. அந்தத் தூக்கை யாரும் இல்லாத இடத்துல, ரகசியமா நிறைவேத்தல. சுத்துவட்டாரத்துப் பாளையக்காரர்களை எல்லாம் வரவழைச்சு, அவங்க கண் முன்னாடி நிறைவேத்தினாங்க. கயத்தாறு எங்க இருக்கு? மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போற பாதையில. கட்டபொம்மனின் தானாபதி சுப்பிரமணிய பிள்ளையை நாகலாபுரத்தில் கொன்னாங்க. ஆனா அவர் தலையைக் கொண்டுவந்து ஈட்டியில் குத்தி வச்சது பாஞ்சாலங்குறிச்சியில.

ஏன் அங்க? அந்த முகம் யாருடையதுன்னு தெரிஞ்சவங்க அந்த ஊர்லதான் இருந்தாங்க. நாகலாபுரத்துல வச்சிருந்தா அது யாரோ ஒருத்தரோட தலை. பாஞ்சாலங்குறிச்சியில அது நேத்து வரைக்கும் அதிகாரத்துல இருந்த மனுஷன்.

சொல்லவே கூசுது. ஆனா அறிவிப்புன்னு பார்த்தா இதுல குழப்பத்துக்கு இடமே இல்ல. எழுத்து தெரிஞ்சவங்க, தெரியாதவங்க, தமிழ் பேசுறவங்க, தெலுங்கு பேசுறவங்க, எல்லாருக்கும் ஒரே நொடியில புரியும். அதனால முதல்லயே ஒண்ணைச் சொல்லிடறேன். தெளிவு வேற, நியாயம் வேற. மகா கொடூரமான விஷயத்தையும் மிகத் தெளிவாச் சொல்ல முடியும்.

பித்தளைத் தகடு

தூக்குக்குப் பிறகு பானர்மேன் ஒரு பிரகடனம் வெளியிட்டார். கோட்டைகளை இடிக்கணும், ஆயுதங்களை ஒப்படைக்கணும், இனிமே ஈட்டியோ துப்பாக்கியோ வச்சிருந்தா மரண தண்டனை. இதைப் பித்தளைத் தகட்டில் பொறிச்சு, எல்லார் பார்வையிலும் படுற இடத்துல வைக்கணும்னும் உத்தரவு.

ஏன் பித்தளை? பேப்பர் மழையில போயிடும், ஓலையைக் கரையான் தின்னுடும். ஆனா அது மட்டும் காரணமா இருக்காது. "இது மாறாது"ன்னு அந்த உலோகமே சொல்லிடுது. இந்த வித்தை நம்ம ஊருக்குப் புதுசும் இல்ல. 919-லும் 921-லும் பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூர்ல குடவோலைத் தேர்தல் விதிகளைக் கல்லுல வெட்டி வச்சாங்க. யார் நிக்கலாம், எவ்வளவு நிலம் இருக்கணும், எத்தனை வயசு, யாருக்குத் தகுதி இல்லைன்னு அத்தனையும் கல்லுல. கல்லுன்னா நிரந்தரம்.

ஆனா தகட்டுக்கு முன்னாடி நிக்கிற ஆளை யோசிச்சுப் பாருங்க. கரிசல் காட்டு கிராமத்துல ராத்திரிக் காவல் பாக்குற ஒருத்தர். ஈட்டி அவருக்குக் கலகச் சின்னம் இல்ல, தொழில் கருவி. பரம்பரையாக் காவல் பாத்துதான் அவர் வீட்டுல அடுப்பு எரியுது. அவருக்கு எழுத்து தெரியாதுன்னு வைங்க. அந்தத் தகட்டுல இருக்கிற கோடுகள்ல அவர் உயிர் இருக்கு. அவருக்கு அது பளபளன்னு மின்னுற ஒரு உலோகத் துண்டு, அவ்வளவுதான்.

யாராவது படிச்சுச் சொல்லணும். படிச்சுச் சொல்றவர் எதை விடுறார், எதைச் சேர்க்கிறார், எந்தக் குரல்ல சொல்றார், எல்லாம் அவர் கையில. தகட்டை மாட்டினவங்களைப் பொறுத்தவரைக்கும் கடமை முடிஞ்சது. "நாங்கதான் அறிவிச்சிட்டோமே!"

இந்த "அறிவிச்சிட்டோமே" ரொம்ப ஆபத்தான வார்த்தை. அறிவிச்சது நிஜம். அறிஞ்சாங்களான்னு யாரும் கேக்கல. தண்டனை மட்டும் அறியாதவருக்கும் அறிஞ்சவருக்கும் ஒண்ணுதான்.

துரும்பு

இப்ப கதையோட இன்னொரு பக்கம் வருவோம்.

கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை. பாளையங்கோட்டைச் சிறையில் இருந்தவர், 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி தப்பிச்சார். இடிச்சுத் தள்ளின பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்கள்லயே திரும்பக் கட்டினாங்க. மார்ச் 31-ஆம் தேதி கம்பெனிப் படை தாக்கித் தோத்துப் பின்வாங்கியது. கர்னல் அக்னியூ வந்து, மே 24-ஆம் தேதிதான் கோட்டையைப் பிடிக்க முடிஞ்சது.

இத்தனைக்கும் இந்தப் படையை நடத்தினவருக்குப் பேச்சு வராது, காது கேட்காது.

அப்ப எப்படி ஆயிரக்கணக்கான பேருக்கு உத்தரவு கொடுத்தார்? இதை எழுதி வச்சது நம்மாளு இல்ல. எதிர்ப் படையில இருந்த ஜேம்ஸ் வெல்ஷ்ங்கிற அதிகாரி. 1830-ல் வெளிவந்த அவரோட இராணுவ நினைவுக் குறிப்புகள்ல இதை விவரிக்கிறார். ஊமைத்துரை சில வைக்கோல் துரும்புகளை எடுத்து இடது உள்ளங்கையில் வைப்பாராம். அதுதான் ஆங்கிலேயப் படை. நேரத்தையும் மத்த விவரங்களையும் வேற சைகைகள்ல காட்டுவார். அப்புறம் வலது கையை அது மேல வீசி, வாயால விஷ்ஷுன்னு ஒரு சத்தம் எழுப்பி, துரும்பு எல்லாத்தையும் துடைச்சுத் தள்ளுவார். தாக்குதலுக்கு அதுதான் உத்தரவு. உத்தரவு கொடுத்துட்டு நிக்க மாட்டார், பெரும்பாலும் முதல் ஆளா ஓடுறவரும் அவர்தான்னு வெல்ஷ் எழுதுறார். அவரோட சின்ன அசைவைக்கூட மக்கள் தெய்வ வாக்கா எடுத்துக்கிட்டாங்கன்னும் சொல்றார். எதிரியா இருந்தும் அவருக்கு ஊமைத்துரை மேல இருந்த மரியாதை அந்தப் பக்கங்கள்ல தெரியுது.

இதைப் படிச்சதும் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். நான் தேடின பதில் அந்த உள்ளங்கையில இருந்துச்சு.

ஏன் துரும்பு? கரிசல் காட்டுல கம்பும் சோளமும் போடுற சம்சாரி ஒவ்வொருத்தருக்கும் துரும்போட கனம் தெரியும். களத்துல தூத்தும்போது காத்துல பறக்கிறதைப் பார்த்தே வளர்ந்தவங்க. "எதிரி லேசானவன், ஊதித் தள்ளலாம்"னு தனியாச் சொல்லத் தேவையே இல்ல. அது அவங்களுக்குள்ள ஏற்கனவே இருக்கு. அடுத்து, துடைச்சுத் தள்ளுற அந்த வீச்சு. பார்த்த நொடியே அடுத்து என்ன செய்யணும்னு தெரிஞ்சிடும்.

இதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது ரெண்டே கேள்வி. பார்க்கிறவருக்கு ஏற்கனவே என்ன தெரியும்? பார்த்த அடுத்த நிமிஷம் அவர் என்ன செய்யணும்? நம்ம பலகைகள் பெரும்பாலும் மூணாவதா ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுது. எழுதின ஆபீசுக்கு என்ன தெரியும்?

வெள்ளைத் துணி

கோட்டை விழுந்த பிறகு நடந்த ஒரு சம்பவத்தையும் வெல்ஷ் பதிவு பண்ணியிருக்கார். தன் மகனைத் தேடிப் போர்க்களத்துக்குப் போன ஒரு தாய், அவன் காயத்தோட உயிரோட இருக்கிறதைப் பார்க்கிறாங்க. அவன் சொன்னானாம், என்னை விடு, பக்கத்துல சாமி கிடக்கிறார், அவரைக் காப்பாத்துன்னு. ஊமைத்துரையைத்தான் அப்படிச் சொன்னான். பெண்கள் சேர்ந்து அவரைத் தூக்கிட்டுப் போய் வீட்டுக்குள்ள மறைச்சாங்க. கம்பெனி பக்கம் இருந்த எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தாங்க. பெண்கள் அவர் மேல துணியைப் போர்த்தி, ஒப்பாரி வச்சு, பையன் பெரியம்மையில செத்துட்டான்னு சொன்னாங்க. வந்தவங்க திரும்பிப் பார்க்காம ஓடிட்டாங்க.

பாருங்க, ஒரு எழுத்து இல்ல. மூடின துணி, ஒப்பாரிச் சத்தம், "அம்மை"ங்கிற ஒரு சொல். எச்சரிக்கைப் பலகை செய்ய வேண்டிய வேலையை அது முழுசாச் செஞ்சிடுச்சு. நெருங்காதே, தொடாதே, போயிடு. சொன்னது பொய்தான். ஆனா அந்தக் காலத்துல அம்மைன்னா என்னன்னு எல்லாருக்கும் தெரியும். பயம் அவங்களுக்குள்ள தயாரா இருந்துச்சு, பெண்கள் அதைத் தொட்டுவிட்டாங்க.

இதே தர்க்கத்துக்கு உலகம் ரொம்ப நாள் கழிச்சு வந்து சேர்ந்தது. தியேட்டர்ல, மால்ல பச்சைக் கலர்ல கதவை நோக்கி ஓடுற ஒரு மனுஷன் படம் பார்த்திருப்பீங்க. அது ஜப்பான்ல பிறந்தது. 1972-ல் ஒசாகா நகரத்தில் ஒரு வணிகக் கட்டடத்தில் தீப்பிடிச்சு 118 பேர் இறந்தாங்க. அடுத்த வருஷமே குமாமோட்டோவில் இன்னொரு கடைத் தீ விபத்து. அதுக்கு அப்புறம்தான், எழுத்தைப் படிச்சாத்தான் வழி தெரியும்ங்கிற பலகை போதாதுன்னு, யுகியோ ஓட்டா வடிவமைச்ச அந்த ஓடுற மனுஷன் படம் வந்துச்சு. புகைக்கு நடுவுல யாரும் வாக்கியம் படிச்சுக்கிட்டு நிக்க மாட்டாங்க.

ஸ்ரீரங்கத்துச் சுவர்

ஊமைத்துரை அங்கிருந்து தப்பிச்சு சிவகங்கைச் சீமைக்கு, மருது சகோதரர்கள்கிட்ட போனார். 1801 ஜூன் 16-ஆம் தேதி சின்ன மருது வெளியிட்டதுதான் புகழ்பெற்ற ஜம்புத்தீவுப் பிரகடனம். அதைத் திருச்சிக் கோட்டையிலயும் ஸ்ரீரங்கம் கோயில் சுவர்லயும் ஒட்டினாங்க.

இடத் தேர்வைப் பாருங்க. ஸ்ரீரங்கத்துக்கு நாலா திசையில இருந்தும் ஆட்கள் வருவாங்க, படிக்கத் தெரிஞ்சவங்களும் அதிகம். திருச்சிக் கோட்டையில கம்பெனிக்கு வேலை பாக்குற நம்ம ஊர்ச் சிப்பாய்கள் நடமாடுவாங்க. பிரகடனம் அந்தச் சிப்பாய்களை, சுபேதார், ஜமேதார்னு பதவி சொல்லித் தனியாக் கூப்பிடுது. யார் அந்த வழியா நடப்பாங்களோ அவங்க பேரு அதுல இருக்கு.

ஆரம்பமே, இதை யார் பார்த்தாலும் கவனமாப் படிக்கணும்ங்கிற வேண்டுகோள்தான். சாதி மதம் பார்க்காம எல்லாரையும் அழைக்குது. முடிவு இன்னும் சுவாரசியம். படிச்சவங்க படி எடுத்துப் பரப்பணும், பரப்பலைன்னா பாவம். இந்துக்களுக்குப் பசுவைக் கொன்ன பாவம், முஸ்லிம்களுக்கு அவங்க விலக்கினதை உண்ட பாவம். சுவர்ல இருந்து கிழிச்சா அதுக்கும் பெரும் பாவம். நம்ம பழைய கல்வெட்டுகளும் இப்படித்தான் முடியும், இந்தத் தர்மத்தை அழிச்சவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ன பாவத்தில் போவான்னு. இன்னிக்கு "பத்து பேருக்கு அனுப்பலைன்னா கெட்டது நடக்கும்"னு வாட்ஸாப்ல வர்றதோட கொள்ளுத் தாத்தான்னு வச்சுக்கலாம். சிரிப்பா இருந்தாலும், போலீசும் கோர்ட்டும் கையில இல்லாத ஒருத்தர் தன் அறிவிப்பைக் காப்பாத்த வேற என்ன செய்ய முடியும்? ஒவ்வொருத்தரும் ஏற்கனவே எதுக்குப் பயப்படுறாங்களோ அதைக் காவலுக்கு நிறுத்தினார்.

குறையும் இருக்கு. ஏன் எதிர்க்கணும்னு விரிவாச் சொல்லுது. எதிர்க்கணும்னும் சொல்லுது. எந்த நாள், எந்த இடத்துல கூடணும்னு இல்ல. படிச்சு ரத்தம் கொதிச்ச ஒரு சிப்பாய், நாளைக்குக் காலையில எங்க போய் நிக்கணும்? துரும்புல இருந்த அந்த வீச்சு இங்க இல்ல. அதனாலதான் தோத்தாங்கன்னு நான் சொல்ல வரல. பீரங்கி, பணம், எதிர்ப்பக்கம் சேர்ந்தவங்கன்னு காரணங்கள் நிறைய. அக்டோபர் 24-ஆம் தேதி மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டாங்க. நவம்பர் 16-ஆம் தேதி ஊமைத்துரையைத் தூக்கிலிட்டது பாஞ்சாலங்குறிச்சியிலேயே. திரும்பவும் இடத் தேர்வு. கோட்டை இருந்த இடத்தை ஏர் கட்டி உழுது ஆமணக்கு விதைச்சாங்கன்னு சொல்லுவாங்க. "இங்க ஒண்ணுமே இல்லை"ங்கிறதும் ஒரு அறிவிப்புதான்.

யார் குரல்ல?

படிக்கத் தெரியாதவங்களுக்கு நம்ம ஊர்ல இருந்த ஏற்பாடு தண்டோரா. "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்"னு தொடங்குறதை சினிமாவுல கேட்டுச் சிரிச்சிருப்போம். ஆனா அது நல்ல வடிவம். முதல்ல பறைச் சத்தம், கவனம் திரும்பும். அடுத்து யாருக்குன்னு சொல்லும். அப்புறம்தான் விஷயம். புரியலைன்னா தெருவுல நின்னு திருப்பிக் கேக்கலாம். எந்தப் பலகைக்கும் இல்லாத வசதி இது.

ஆனா அந்தப் பறையை யார் தோள்ல மாட்டி விட்டோம்ங்கிறதும் இருக்கு. ஒரு குறிப்பிட்ட சாதியில பிறந்தவங்கதான் அதை அடிக்கணும்னு கட்டாயமா இருந்தது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தண்டோரா முறைக்குத் தடை விதிச்சு, ஒலிபெருக்கி வச்ச வண்டியில அறிவிக்கச் சொன்னது இதனாலதான். செய்தி எல்லாருக்கும் போகணும், சரி. அதுக்காக ஒருத்தர் மட்டும் குனிஞ்சு நடக்கக் கூடாது.

இந்தியா இந்தச் சிக்கலை ஒரு தடவை அழகாத் தீர்த்தது. 1951 கணக்கெடுப்புப்படி நாட்டுல எழுத்தறிவு சுமார் 18 சதவீதம். அந்தச் சமயத்துலதான் முதல் பொதுத் தேர்தல். வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டி மேல ஒரு சின்னம். மாடு, குடிசை, கதிர் அரிவாள்னு சம்சாரிக்குத் தினமும் கண்ணுல படுற விஷயங்கள். "முதல்ல படிச்சிட்டு வா, அப்புறம் ஓட்டு"ன்னு மக்களைத் திருப்பி அனுப்பல. அறிவிப்பு மக்கள் இருக்கிற இடத்துக்கு இறங்கி வந்துச்சு. ஊமைத்துரையோட துரும்பு ஓட்டுப் பெட்டி மேல ஏறின மாதிரி எனக்குத் தோணும்.

திரும்ப அந்த நீலப் பலகைக்கு

1974-ல் பாஞ்சாலங்குறிச்சியில் அரசு கட்டின நினைவுக் கோட்டை இப்பவும் இருக்கு. பக்கத்துல வீரசக்கதேவி கோயில், பழைய கோட்டையோட மிச்சங்கள். போனா அவசியம் பாருங்க.

ஆச்சியோட போன அந்த வேற கோட்டைப் பலகைக்கு வர்றேன். வீட்டுக்கு வந்து உக்காந்து, அது சொல்ற சட்டத்தைத் தேடிப் படிச்சேன். 1958-ஆம் ஆண்டுச் சட்டம். 2010 திருத்தத்துக்கு அப்புறம், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினா 2 வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். தண்டனையைச் சட்டம் சொல்ற மாதிரி முழுசாச் சொல்றது அவசியம்தான், நான் மறுக்கல. கோர்ட்டுல நிக்கணும் இல்லையா? ஆனா அந்த வாக்கியம் வக்கீலுக்கு. வாசல்ல நிக்கிற ஆச்சிக்குத் தனியா ஒண்ணு வேணும். நான் இப்படி எழுதிப் பார்த்தேன்:

"உள்ளே வாங்க. சுவர்ல ஏறாதீங்க. பேர் எழுதாதீங்க. ஒரு கல்லைக்கூட எடுக்காதீங்க. மீறினா ஜெயில்."

பக்கத்துல சுவர்ல ஏறுற ஆள், அது மேல சிவப்புக் கோடு. அடியில சட்டம், சின்ன எழுத்துல, வேணும்ங்கிறவங்களுக்கு.

எழுதினதை ஆச்சிகிட்ட வாசிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு, "இதை அன்னைக்கே சொல்லிருந்தா நான் வெயில்ல நின்னுருக்க மாட்டேன்லய்யா"ன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "ஏன் ஏறக் கூடாதுன்னும் ஒரு வார்த்தை போடு. இடிஞ்சு விழும்னு சொன்னா பயலுவ கேப்பானுவ. ஜெயிலுன்னா ஏறித்தான் பாப்பானுவ"ன்னாங்க.

அதையும் சேர்த்துட்டேன். மறுநாள் ஆபீசுக்குப் போய், நான் எழுதி வச்சிருந்த எரர் மெசேஜ்கள் நாப்பது இருக்கும், ஒண்ணொண்ணா எடுத்துத் திருத்த ஆரம்பிச்சேன். இன்னும் முடியல.

உங்க ஊர்ல, பஸ் ஸ்டாண்டுலயோ ஆஸ்பத்திரியிலயோ ஒரு பலகை இருக்கும். படிக்கத் தெரியாத ஒருத்தரை அது முன்னாடி நிறுத்தி, என்ன புரியுதுன்னு கேட்டுப் பாருங்க. அவங்க சொன்னதை எனக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.